மலைப்பாதைக்கு 100 சீசீயா, 150 சீசீயா?

இலங்கை மலைநாட்டில் பைக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "இது ஏறுமா?" என்றுதான். ஏறும். நூறும் ஏறும், நூற்றைம்பதும் ஏறும். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு எப்படி ஏறும், அதே ஆளோடு மழையில் எப்படி இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் சின்னக் கணக்கு. பஜாஜ் சி.டி.100 ரகத்து வண்டி ஏறக்குறைய 110 கிலோ, 8 குதிரைத்திறன். பல்சர் 150 ஏறக்குறைய 144 கிலோ, 14 குதிரைத்திறன். 65 கிலோ ஆள் தனியாக ஓட்டினால், நூறில் ஒவ்வொரு குதிரைத்திறனும் 22 கிலோவை இழுக்கிறது. பின்னால் 60 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் அது 29 கிலோ ஆகிவிடும். நூற்றைம்பதில் இருவரும் போனாலும் 19 கிலோதான். அதாவது நூறில் ஒருவர் போவதைவிட நூற்றைம்பதில் இருவர் போவது இஞ்சினுக்குச் சுலபம்.

உயரமும் இதில் கை வைக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எந்த இஞ்சினும் அந்த அளவுக்குப் பலம் குறையும். நூறின் 8 குதிரைத்திறன் ஆறு சொச்சமாகும், நூற்றைம்பதின் 14 பதினொன்றாகும். இரண்டுக்கும் ஒரே விகித நட்டம்தான், ஆனால் ஏழை வீட்டில் போகும் ஐந்தில் ஒரு பங்கும் பணக்காரர் வீட்டில் போகும் ஐந்தில் ஒரு பங்கும் ஒன்றா?

சரி, ஆறு குதிரைத்திறன் போதாதா? நூறு அடிக்குப் பத்து அடி உயரும் ஏற்றத்தில், இருவரோடு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏற மூன்று, மூன்றரை இருந்தாலே போதும். அப்புறம் ஏன் நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் லபுக்கலைப் பக்கம் நூறு சீசீ வண்டிகள் மூச்சு வாங்குகின்றன? கியர்தான் காரணம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் நான்கே கியர். மூன்றில் போட்டால் வண்டி திணறுகிறது, இரண்டில் போட்டால் அலறுகிறது. கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்த பிறகு மூன்றாவது கியர் பிடிக்கவே பிடிக்காது. முழுப் பலமும் இஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்றை ஒட்டிச் சுழலும்போதுதான் கிடைக்கும். அலறலுக்குப் பயந்து யாரும் அக்சிலரேட்டரை அவ்வளவு முறுக்குவதில்லை. நூற்றைம்பதின் ஐந்து கியர்கள் இந்த இடைவெளியை அடைக்கின்றன. அதன் மதிப்பில் பாதி இங்கேதான் என்பேன்.

இதற்கு ஒரு மலிவான வைத்தியம் உண்டு. செயின் ஓடும் பற்சக்கரங்களில், முன் ஸ்ப்ரொக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போடுவது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று இருப்பதை 13-க்கு 42 ஆக்கினால், ஒவ்வொரு கியரிலும் இழுவை ஏழெட்டுச் சதவீதம் கூடும். சமதரையில் வேகம் அதே அளவு குறையும், பெற்றோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். தலவாக்கலைக்கும் டயகமவுக்கும் இடையே ஓடுகிறவருக்கு அது ஒரு குறையா என்ன?

கொழும்புப் பக்கமிருந்து வந்த காபுரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) வண்டியென்றால் இன்னொரு தொல்லை. காற்று மெலிந்தும் அதன் ஜெட், அதாவது பெற்றோல் வரும் சிறு துளை, பழைய அளவிலேயே பெற்றோலை ஊற்றும். பிளக் கறுக்கும், முறுக்கினால் வண்டி இழுபடும். வெளியே இருக்கும் திருகாணியைத் திருப்பினால் ஐட்லிங், அதாவது முறுக்காமல் சும்மா நிற்கும்போது ஓடுவது, மட்டும்தான் சரியாகும். முழு முறுக்கலில் சரியாக ஓட மெயின் ஜெட்டை ஓரளவு சிறிதாக்க வேண்டும். அதோடு கீழே நெடுந்தூரம் போனால் கலவை மெலிந்து இஞ்சின் சூடேறும் என்பதையும் நினைவில் வைக்கவும். பெற்றோல் இன்ஜெக்ஷன் வண்டிகள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன.

இறக்கத்துக்கு வருவோம். நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கோ, ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கோ இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பாதி வேலை இஞ்சினுடையது. சிலிண்டர் பெரிதாக இருந்தால், முறுக்கலை விட்டதும் பிடிக்கும் பிடியும் பெரிது. நூறில் அது குறைவு; மிச்சத்தை டிரம் பிரேக்தான் சுமக்க வேண்டும். இருவரோடு நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடி தளரும், தண்ணீர் புகுந்தால் இன்னும் மோசம். தென்மேற்குப் பருவமழையில் வட்டவளைப் பக்கம் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. நூற்றைம்பதுகளில் முன்பக்கம் பெரும்பாலும் டிஸ்க் வரும். பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற வழக்கத்தை எந்த வண்டியிலும் விட்டுவிட வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் அதனால் மிச்சமும் இல்லை: கியரில் முறுக்கலை விட்டு இறங்கினால் பெற்றோல் அறவே நின்றுவிடும், நியூட்ரலில் ஐட்லிங்குக்குக் கொஞ்சம் எரிந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நூறை ஒதுக்கவும் முடியாது. தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியதும் ஆட்டம் மாறிவிடும். கல்லும் சேறுமான பாதை, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் வழுக்கல் சரிவு, கான் (வடிகால்) ஓரத்தில் திருப்ப வேண்டிய கட்டாயம். அங்கே 34 கிலோ வித்தியாசம் பெரிது. விழுந்தால் ஒருவரே தூக்கலாம், சிக்கினால் தள்ளலாம். செலவிலும் நூறுதான். லீற்றருக்கு ஐம்பது, அறுபது கிலோமீற்றர் தரும். நூற்றைம்பது நாற்பது சொச்சம். 2022-ல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, பங்கீட்டு கியூஆர் பாஸில் பைக்குக்கு வாரம் 4 லீற்றர் என்றிருந்தபோது இந்த வித்தியாசம் எல்லோருக்கும் புரிந்தது. சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஏ1 வகுப்பு 100 சீசீ வரைக்கும்தான்.

என் தீர்ப்பு: தோட்டத்துக்குள்ளேயே தனியாக ஓடுகிறவர், பிள்ளையை மட்டும் பாடசாலைக்கு ஏற்றிப் போகிறவர், நூறை வாங்கி ஸ்ப்ரொக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம். மனைவியையோ மரக்கறி மூட்டையையோ வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் தினமும் ஏறி இறங்குகிறவர் நூற்றைம்பதைப் பார்க்கட்டும். இரண்டுக்கும் நடுவில் ஐந்து கியர் உள்ள 125 கிடைத்தால், பலருக்கு அதுவே போதும்.

பழைய வண்டி வாங்குகிறவருக்கு சீசீயைவிட இஞ்சினின் நிலைமைதான் பெரிது. 2020 முதல் 2025 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால், சந்தையில் தேய்ந்த வண்டிகள் நிறைய. பிஸ்டன் ரிங் தேய்ந்த நூற்றைம்பது, நல்ல நூறிடம் தோற்கும். சமதரையில் ஓட்டிப் பார்த்து விலை பேச வேண்டாம். ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து, ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, முதல் கியரில் எடுத்துப் பாருங்கள். கிளட்ச் வழுக்குவதும் புகை தள்ளுவதும் அங்கேயே தெரிந்துவிடும்.