எழுத்து வரிசையைக் கொண்டு சொல் தேட ஸிஸிவா: ஒரு மதிப்புரை

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களுக்காக உருவாக்கப்பட்ட ஸிஸிவா என்னும் கணினி நிரலைச் சில மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். இசட், ஒய், இசட், இசட், ஒய், வி, ஏ என்று எழுத்துக்கூட்ட வேண்டிய இப்பெயர் வெப்பமண்டல அமெரிக்கக் கூன்வண்டுப் பேரினம் ஒன்றுக்கு உரியது. அகரவரிசையில் அதற்குப் பின்னால் வரும் ஆங்கிலச் சொல்லைக் காண்பது அரிது. அகராதியின் கடைக்கோடி வரை தேடித் தரும் நிரலுக்கு இது பொருத்தமான பெயர்தான்.

இதில் பயிற்சி வினாக்கள், எழுத்துகளை மாற்றியடுக்கிச் சொல் காணும் தேடல் எனப் பல வசதிகள் இருந்தாலும், நான் முதன்மையாகக் கருதுவது வடிவத் தேடலையே. நாம் தரும் எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி இட்டால், அவ்வெழுத்துகள் அதே வரிசையில் இடைவெளியின்றி வரும் சொற்கள் அனைத்தும் பட்டியலாக வந்துவிடுகின்றன. ஓர் எழுத்துக்கு மட்டும் இடம் விட வேண்டுமானால் கேள்விக்குறி போதும். எச், ஐ, ஜே என்று கேட்டால் ஹைஜாக், ஹிஜாப் முதலியன வருகின்றன. அகரவரிசையில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று எழுத்துகள் அப்படியே ஒரு சொல்லுக்குள் அமர்ந்திருப்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

எழுத்தைப் பார்த்தவுடன் ஒலியை அறிந்துகொள்ளும் தமிழில் வளர்ந்த நமக்கு, ஆங்கிலச் சொல்லையும் காதால் தேடும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கெழுத்தைத் தேடிப் பார்த்தால் அப்பழக்கம் எவ்வளவு இடர் தருவது என்பது விளங்கும்: இருமலைக் குறிக்கும் காஃப், பிசைந்த மாவைக் குறிக்கும் டோ, மரக்கிளையைக் குறிக்கும் பவ், 'வழியாக' என்னும் த்ரூ ஆகிய நான்கும் ஒலியால் வெவ்வேறாயினும் எழுத்தால் ஒரே குடும்பம். பலகையில் கட்டை அடுக்குபவருக்கு இந்தக் குடும்ப உறவுதான் தேவை.

ஐ, ஜி, எச், டி என்று முடியும் சொற்களில் இதன் பயன் இன்னும் தெளிவு. மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டத்தில் இந்த நான்கும் சரியான இடத்தில் உள்ளன என்று பச்சையாகிவிட்ட பின்னரும் எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என அன்றாடச் சொற்களே எட்டு எஞ்சுகின்றன. வாய்ப்புகளோ மொத்தமே ஆறு. ஸ்கிராபிளில் அதே பட்டியல் வரமாகிறது. லைட் என்ற சொல்லின் முன்னால் ஒட்டக்கூடிய எழுத்துகள் ஐந்து என்பதை ஸிஸிவா அச்சொல்லின் இடப்பக்கத்திலேயே காட்டுகிறது: எஃப் சேர்ந்தால் ஃபிளைட், எஸ் சேர்ந்தால் ஸ்லைட், ஏ சேர்ந்தால் அலைட் என்று எதிராளி வைத்த சொல்லையே நமதாக்கிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. பொருள் விளக்கம் ஒரு வரிக்கு மேல் செல்வது அரிது; உச்சரிப்போ சொல்லின் பிறப்போ கிடைப்பதில்லை. பொருள் மனத்தில் பதியாத சொல் ஆட்டத்தின் நெருக்கடியில் நினைவுக்கு வராது என்பது என் அனுபவம் ஆதலால், பக்கத்தில் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டே பயில்கிறேன். தோற்றம் வறட்சியானது, தேடல் நிபந்தனைகளை அமைக்கக் கற்பதற்குப் புதியவர் ஓரிரு மாலைப் பொழுதுகளைச் செலவிட வேண்டியிருக்கும்.

நிறுவும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்கா, கனடா போட்டிகளுக்கான சொற்பட்டியல் வேறு; இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் போட்டிகளில் பின்பற்றப்படும் காலின்ஸ் பட்டியல் வேறு. பின்னதற்கெனத் தனிப் பதிப்பே உள்ளது.