நேரடிப் பங்கா, ஃபண்டா, இண்டெக்ஸா? சேலத்துக்காரருக்கு எது தோதுப்படும்

சேலத்தில் பங்கு வாங்கத் தொடங்குகிறவர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது கண்ணுக்குத் தெரிந்த கம்பெனியில்தான். கஞ்சமலை அடிவாரத்தில் செயில் (SAIL) நிறுவனத்தின் உருக்காலை, மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீல், மேட்டூரில் கெம்பிளாஸ்ட் சன்மார். மச்சான் அங்கே ஷிப்ட் பார்க்கிறார், லாரிகள் நிற்காமல் லோடு ஏற்றிப் போகின்றன, அப்படியானால் பங்கும் ஏறும் என்பது கணக்கு. நாமே வாங்கும் நேரடிப் பங்கு, பலர் பணத்தைச் சேர்த்துப் பங்குகளைத் தேர்ந்தெடுத்து மேலாளர் நடத்தும் ஃபண்ட், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் மூன்றையும் எடைபோடும் முன் இந்தக் கணக்கைச் சோதித்துவிடலாம்.

2007 இறுதியில் செயில் பங்கு 250 ரூபாய்க்கு மேல் விற்றது. அரசு நிறுவனம், நாடு முழுக்க ஆலைகள், யாரைக் கேட்டாலும் வாங்கச் சொல்லியிருப்பார்கள். 2024 மே மாதம் நன்றாக ஏறிய நேரத்திலும் அது 200-ஐத் தொடவில்லை. இடையில் டிவிடெண்ட் வந்தது உண்மை. அந்தப் பதினாறு ஆண்டில் 6,100 புள்ளி அளவில் இருந்த நிஃப்டி (ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடு) 22,000-ஐத் தாண்டியிருந்ததும் உண்மை. ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீலோ அதே காலத்தில் பல மடங்காகி நிஃப்டியையே முந்தியது. ஒரே மாவட்டம், ஒரே உலோகம், இப்படி இரண்டு விதி. ஆனால் 2008 சரிவில் ஜேஎஸ்டபிள்யூ பங்கின் விலையில் முக்கால் பங்குக்கு மேல் கரைந்துபோனது. அப்போது விற்காமல் பிடித்து வைத்திருந்தவருக்குத்தான் அந்தப் பல மடங்கு. எத்தனை பேர் அப்படி இருந்திருப்பார்கள்?

ஆலைக்குப் பக்கத்தில் வீடு இருப்பதால் இதில் எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்காது. செயிலின் லாபத்தை முடிவு செய்பவை பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகள். கஞ்சமலை ஆலை அதில் சிறு பகுதி. ஜேஎஸ்டபிள்யூவின் பெரிய ஆலைகள் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இருக்கின்றன. கெம்பிளாஸ்டின் லாபம் சீனாவிலிருந்து எந்த விலைக்கு பிவிசி வந்து இறங்குகிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். இன்னொன்றும் உண்டு: உருக்காலையில் சம்பளம் வாங்குகிறவர் உருக்குப் பங்கும் வைத்திருந்தால், தொழில் படுக்கும் வருடத்தில் போனஸும் சேமிப்பும் சேர்ந்து அடிவாங்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறவரின் முதல் ஏற்கெனவே வெள்ளியில் கிடக்கிறது. அவர் வெள்ளி விலையோடு ஏறி இறங்கும் வெள்ளி ஈடிஎஃப் (பங்கு போலச் சந்தையில் விற்கும் ஃபண்ட்) வாங்குவதும் இதே ரகம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும், நேரடிப் பங்குக்கு இரண்டு நல்ல குணம் இருக்கிறது. ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவாக ஃபண்ட் பிடித்துக்கொள்ளும் சதவீதம் கிடையாது. எப்போது விற்பது, எந்த ஆண்டில் வரி கட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை லாபத்துக்கு வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம், ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். இவை 2024 ஜூலை 23 முதல் இருக்கும் விகிதங்கள். ஈக்விட்டி ஃபண்டுக்கும் இதே விகிதம்தான் என்றாலும் அங்கே ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. ஃபண்ட் மேலாளர் உள்ளே எத்தனை முறை வாங்கி விற்றாலும் நமக்கு வரி வராது, ஃபண்டில் நம் பங்கான யூனிட்டை நாம் விற்கும்போதுதான் வரும். அடிக்கடி மாற்றுகிற கைக்கு நேரடிப் பங்கு இந்த வகையில் செலவுக்காரன்.

தவறு நடந்தால் எவ்வளவு வலிக்கும் என்பதில்தான் பெரிய வித்தியாசம். 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்க்கு அருகில் விற்ற யெஸ் வங்கிப் பங்கு, 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தலையிட்ட நேரத்தில் இரட்டை இலக்கத்துக்கு வந்திருந்தது. போதாக்குறைக்கு, நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கு விற்கவே முடியாதபடி பூட்டினார்கள். அதே வங்கி நிஃப்டியிலும் இருந்தது. இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருந்தவருக்கு அது ஐம்பதில் ஒன்று, அதுவும் விலை இறங்க இறங்க எடை குறைந்துகொண்டே வந்த ஒன்று. அந்த மார்ச்சிலேயே அதைக் குறியீட்டிலிருந்து எடுத்துவிட்டு ஸ்ரீ சிமெண்டைச் சேர்த்தார்கள். மாந்தோப்பை மொத்தமாகக் குத்தகைக்கு எடுப்பது போலத்தான். பட்டுப்போன மரமும் கணக்கில் வரும், ஆனால் அது ஒன்றால் குத்தகைதாரர் ஓட்டாண்டி ஆகமாட்டார்.

சந்தையே விழுந்தால் இண்டெக்ஸும் கூடவே விழும். 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் நிஃப்டி ஏறத்தாழ 38 சதவீதம் இறங்கியது. அதிலிருந்து எந்த இண்டெக்ஸ் ஃபண்டும் யாரையும் காப்பாற்றவில்லை. நிஃப்டியில் வங்கி, நிதி நிறுவனங்களின் எடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பதும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது.

மேலாளர் நடத்தும் ஃபண்ட்? பெரிய நிறுவனங்களில் போடும் லார்ஜ் கேப் வகையில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2017 அக்டோபரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வகுத்த விதிப்படி லார்ஜ் கேப் ஃபண்ட் 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் நூறு நிறுவனங்களில் போட்டாக வேண்டும். நாடே அலசுகிற அந்த நூறுக்குள் புதிதாக எதைக் கண்டுபிடிப்பார்? கட்டணத்தை மட்டும் கூடுதலாக வாங்கிக்கொள்வார். நடுத்தர, சிறு நிறுவனங்களில் போடும் மிட் கேப், ஸ்மால் கேப்பில் கதை வேறு. அங்கே நிறுவனங்கள் அதிகம், அலசுபவர்கள் குறைவு, நல்ல மேலாளருக்கு வேலை இருக்கிறது. ஆனால் நல்லவர் யார் என்பது நமக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

கட்டணம் சின்ன விஷயமில்லை. மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி (மாதத் தவணையாக ஃபண்டில் போடுவது), 20 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் கையில் கிட்டத்தட்ட ஒரு கோடி. செலவு ஒரு சதவீதம் கூடி 11 சதவீதமாகக் குறைந்தால் 87 லட்சம் சொச்சம். நாம் போட்டதே 24 லட்சம்தான், அதில் பாதி அளவுத் தொகை அந்த ஒரு சதவீதத்தில் போய்விடுகிறது.

ஏற்காட்டுத் தோட்டக்காரருக்கு எஸ்ஐபியே சரியாகப் பொருந்தாது. காப்பி மார்கழி, தையில் பறிப்புக்கு வரும், அதையொட்டி மிளகு. பணம் ஆண்டில் ஒரு முறை மொத்தமாக வந்துவிட்டு மற்ற மாதங்களில் கூலிக்கும் உரத்துக்கும் போய்க்கொண்டிருக்கும். அவர் மொத்தத்தையும் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஒரு லிக்விட் ஃபண்டில் போட்டு, அதே ஃபண்ட் நிறுவனத்தின் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு எஸ்டிபி (ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தவணையாக மாற்றும் வசதி) வழியாக மாதாமாதம் கொஞ்சம் நகர்த்தலாம். ஒவ்வொரு நகர்த்தலும் விற்பனையாகவே கணக்காகும், லிக்விட் ஃபண்ட் லாபத்துக்கு வருமான வரி அடுக்குப்படி வரி உண்டு. தொகை சிறிதுதான், கணக்கு எழுதும் எரிச்சல்தான் பெரிது.

ஆக, என் கணக்கில் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் பெரும்பகுதி. ஆண்டறிக்கையில் கடனையும் ரொக்க வரவையும் வரிவரியாகப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு நேரடிப் பங்கில், அதுவும் சொந்தத் தொழிலோடு சம்பந்தமில்லாத துறையில். பங்கின் வருங்கால விலைமேல் ஒப்பந்தம் போடும் ஆப்ஷன் பக்கம் போகவே வேண்டாம்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர், ஆப்ஷன் வர்த்தகம்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகச் செபியே கணக்கெடுத்துச் சொல்லிவிட்டது.

ஃபண்ட் நிறுவனத்திடமே நேராக வாங்கும் டைரக்ட் பிளானா, அஞ்சு ரோட்டில் ஆபீஸ் போட்டிருக்கும் விநியோகஸ்தர் வழியாக அவர் கமிஷனும் சேர்ந்த ரெகுலர் பிளானா என்பதில் மட்டும் நான் கறாராக இல்லை. 2013 ஜனவரி முதல் டைரக்ட் பிளான் இருக்கிறது, செலவு குறைவு, செல்போனிலேயே முடிந்துவிடும். ஆனால் 2020 மார்ச்சில் “இப்ப விக்காதீங்கண்ணா, அடுத்த மாசத் தவணையையும் நிறுத்தாதீங்க” என்று போன் போட்டுத் தடுத்த விநியோகஸ்தர் அந்தக் கமிஷனைச் சம்பாதித்துவிட்டார். வருடா வருடம் பழைய ஃபண்டை விற்கவைத்துப் புது வெளியீட்டில் சேர்த்துவிடுகிறவருக்கு எதற்குக் கமிஷன்? அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கச் சங்கடமாக இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். ரூபாயிலேயே போட்டிருக்கும்.