சி.என்.ஜி. கார்: வண்டிக்கு நல்ல மார்க், கேஸுக்கு ஒரு கேள்வி

டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். பழைய டீசல் வண்டிக்குப் பத்து வயது ஆனதும், கம்பெனியிலேயே சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) பொருத்தி வந்த சின்ன கார் வாங்கினோம். தினமும் ஆபீஸ், செவ்வாய்க்கிழமை மலை மந்திர் முருகன் கோயில், இதற்கெல்லாம் தாராளம். பெட்ரோலைவிடச் செலவு நன்றாகவே குறைகிறது. ஏ.சி. போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறினால் மட்டும் கொஞ்சம் திணறும்.

டிக்கிதான் தலைவலி. 60 லிட்டர் சிலிண்டர் உட்கார்ந்த பிறகு ஒரு கைப்பைக்குத்தான் இடம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் அம்மாவைக் கூட்டிவரப் போனால் பெட்டியெல்லாம் பின்சீட்டில், முறுக்கு டின் அம்மா மடியில். பங்கில் நிரப்பும்போது எல்லோரும் இறங்கியே ஆக வேண்டும். 200 பார் அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள், விதி சரிதான். ஆனால் முட்டிவலிக்காரர்களுக்கு ஜனவரிக் குளிரில் அது பெரும்பாடு. இரவு பத்து மணிக்கு மேல் போங்கள், வரிசை குறைவு.

என்னை இதை வாங்க வைத்தது இந்த ஊர்க் காற்று. உச்ச நீதிமன்றம் 1998இல் உத்தரவு போட்டு, 2002 முடிவதற்குள் டெல்லி பஸ்கள் சி.என்.ஜி.க்கு மாறின. எரியும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடும் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த லாபம் நிஜமாகவே மிஞ்சுகிறதா என்பதுதான் என் கவலை. நாட்டின் எரிவாயுத் தேவையில் கிட்டத்தட்டப் பாதி இறக்குமதி. குஜராத்தின் தஹேஜ் போன்ற துறைமுகங்களில் கப்பலில் வந்து இறங்குகிறது. கிணற்றிலோ குழாயிலோ கசியும் மீத்தேன் (இந்த எரிவாயுவின் பெரும்பகுதி அதுதான்), 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கசிவு கூடினால் நான் இங்கே மிச்சப்படுத்துவது அங்கேயே கரைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் கொண்டுவந்து, இறக்குமதி செய்பவர்களிடமே மீத்தேன் கசிவுக் கணக்குக் கேட்கிறது. நம்மாலும் முடியும். பெட்கோக்கை (கச்சா எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி போன்ற பொருள்) எரிபொருளாக இறக்குமதி செய்ய 2018இல் தடை போட்டு, சிமெண்ட் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்த நாடுதானே இது? கப்பலில் வரும் கேஸுக்கும் அப்படி ஒரு கசிவு வரம்பு வேண்டும். பங்கில் கொடுக்கும் ரசீதில் அந்தக் கணக்கு இருந்தால் நான் ரூபாய்க்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன்.

வாங்கலாமா? ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்கள் தாராளமாக வாங்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் பங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.