சிட்டி ஹெல்த் டாஷ்போர்டு: சிகாகோவைப் போட்டுப் பாருங்கள்

அமெரிக்க நகரங்களில் எந்தப் பகுதி மக்கள் எத்தனை வயதுவரை வாழ்கிறார்கள் என்று பார்க்க ஒரு தளம் கேட்டால் சிட்டி ஹெல்த் டாஷ்போர்டைத்தான் சொல்வேன். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவத் துறையினர் நடத்துகிறார்கள், 2018இல் வந்தது, காசு கிடையாது. ஊரைத் தேடி ஆயுட்காலத்தைத் தேர்ந்தெடுத்தால் வரைபடம் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் சராசரியாக 4000 பேர்.

2019இல் இவர்களே 500 நகரங்களை ஒப்பிட்டபோது, ஒரே ஊரின் பகுதிகளுக்குள் ஆயுட்கால இடைவெளி மிக அதிகமாக இருந்தது சிகாகோவில்தான். ஏரிக்கரையில், பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டியிருக்கும் ஸ்ட்ரீட்டர்வில்லில் சராசரி ஆயுள் 90 வயது. அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் எங்கில்வுட், அங்கே 60. ஒரே ஊர், ஒரே மேயர், 30 வருஷ வித்தியாசம்!

இதைச் சொன்னாலே 'அங்கே துப்பாக்கிச் சூடு ஜாஸ்தி, அதான்' என்று முடித்துவிடுவார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் இதய நோய், புற்றுநோய், சர்க்கரை, பச்சிளம் குழந்தைகளின் சாவு எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. தளத்தின் பலமே இங்கேதான் இருக்கிறது: இன்சூரன்ஸ் இல்லாதவர்கள், சர்க்கரை நோய், நல்ல காய்கறி கிடைக்கிற கடைக்கு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால், திரும்பத் திரும்ப அதே தெற்குப் பக்கமும் மேற்குப் பக்கமும்தான் அடிபடுகின்றன.

குறை என்று பார்த்தால், ஆயுள் கணக்கு 2010 முதல் 2015 வரையிலான இறப்புகளை வைத்துப் போட்டது, கோவிட் இதில் இல்லை. அதைவிடப் பெரிய குறை, ஏன் இப்படி ஆனது என்பது வரைபடத்தில் தெரியாது. 1930களில் அரசாங்க வரைபடங்களே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று சிவப்பு அடித்தன, அங்கே வீட்டுக்கடன் கிடைப்பதே குதிரைக்கொம்பானது. எங்கில்வுட்டில் 63வது தெருவும் ஹால்ஸ்டெட்டும் சந்திக்கிற இடத்தில் 2016இல் ஹோல் ஃபுட்ஸ் என்ற பெரிய மளிகைக் கடையைத் திறந்தபோது அவ்வளவு கொண்டாட்டம், 2022இல் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே காய்கறி வாங்கிப் பழகியவர்கள் அப்போது மறுபடியும் அலைய வேண்டியிருந்தது.

அப்புறம் ஒன்று, வேலைக்காக அமெரிக்கா போகிற நம்மவர்கள் வீடு தேடும்போது பள்ளி மதிப்பெண், குற்ற வரைபடம் பார்த்து ஏரியாவை ஒதுக்குவதுபோல இதையும் வைத்து ஒதுக்காதீர்கள், தயவுசெய்து. வீடு மாறினால் ஆயுள் கூடும் என்று இந்த எண் சொல்லவில்லை. வரைபடத்துக்குப் பக்கத்திலேயே அந்தந்தப் பகுதியின் வரலாற்றை நாலு வரி சேர்த்தார்கள் என்றால் முழு மதிப்பெண் தருவேன், இப்போதைக்கு ஐந்துக்கு நாலு.