ஜீப் தரைக்கு உயிர் வந்தது, சொன்ன தேதிக்கு மட்டும் வரவில்லை

என்னுடைய 1989 மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பை கோத்தகிரியில் ஓட்டுகிறேன், அங்கே பெய்கிற மழைக்குத் துரு பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். போன மாதம் டிரைவர் பக்கம் கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரிகிறது! முன்பு ஒரு பட்டறைக்காரர் துருவைச் சுரண்டாமல் மேலேயே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) தடவி பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார், அடியில் நல்ல இரும்பே இல்லாததால் காந்தம் வைத்தால் ஒட்டவே இல்லை.

இந்த முறை கோவையில் ஒரு சின்ன டிங்கரிங் பட்டறை. ஒட்டுப் போட முடியாது, தரையை அடியில் தாங்குகிற இரும்புச் சட்டமான சேனலே செத்துவிட்டது என்று அங்கிருந்த மெக்கானிக் சுத்தியால் தட்டிக் காட்டினார், ஈரமண் கொட்டியது. துரு அங்கேதான் ஆரம்பிக்கும், சேறு உள்ளே தங்கிக் காயவே காயாது. டீசல் டேங்கை இறக்கி, நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, சேனலும் தரையும் 16 கேஜ் தடிமன் தகட்டில் புதிதாக அடித்தார்கள். கேஸ் வெல்டிங்கில் தகடு சூட்டில் நெளியும் என்பதால் சிஓ2 வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயு சூழ மின்சாரத்தால் பற்றவைப்பது), அதுவும் அங்கங்கே புள்ளி வைத்து, ஆறவிட்டு, அப்புறம்தான் சேர்த்தார்கள்.

குறை? பத்து நாள் என்றது இருபத்தாறு நாள் ஆனது. தண்ணீர் வடிகிற ஓட்டை போட மறந்துவிட்டார்கள், நான் சொன்ன பிறகே துளைத்தார்கள். மட்கார்டு வேலை சுமார்தான், வெயிலில் பார்த்தால் அலை தெரியும். ஆனால் தரைக்கு மறுபடி அங்கேதான் போவேன்.