நிவாரண இசை நிகழ்ச்சி டிக்கட்டில் போன 24,000 ரூபா: மலையகத்து ஆட்கள் கவனம்

மண்சரிவு நிவாரணத்துக்கு இசை நிகழ்ச்சி என்று டிக்கட் விற்கும் யாருக்கும் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். முந்தாநாள் ஹட்டனில் 24,000 ரூபாவைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கம் மலை எப்படிச் சரிந்தது என்று நம் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. என் தங்கச்சி இருக்கும் தோட்டத்தில் லயத்துக்கு, அதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே நிலம் வெடித்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்காத சனம் நாம். நிவாரணம் என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவோம். இவர்களுக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

டிக்கட் விற்றது ஓர் இணையத்தளம். பெயர் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். திறந்த மைதானத்தில் நிகழ்ச்சி, ஒரு டிக்கட் 4,000 ரூபா, வரும் பணமெல்லாம் வீடு இழந்த தோட்டக் குடும்பங்களுக்கு என்று போட்டிருந்தார்கள். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தங்கச்சி, மருமகன் என்று ஆறு டிக்கட் எடுக்கப் போனேன். கார்ட் போட்டால் பணம் போகவில்லை. அங்கிருந்த நம்பருக்கு எடுத்தேன். பேசிய பையன் அசல் தோட்டத்துப் பேச்சு.

"அண்ணே, கார்ட்ல கட்டுனா கமிஷன் போயிரும். நேரா அக்கவுண்டுக்குப் போடுங்க, அந்தக் காசும் நம்ம சனத்துக்கே சேரட்டும்" என்றான்.

தங்கச்சி எந்தத் தோட்டம் என்று விசாரித்தான். அங்கேயும் உலர் உணவுப் பொதி வரும் என்றான். அரிசி மூட்டை ஏற்றிய லொறியின் படம் வட்ஸ்அப்பில் வந்தது. அந்த ஒரு பேச்சில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. 24,000 ரூபாவையும் போட்டு ஸ்லிப்பை அனுப்பினேன். உடனே கியூஆர் டிக்கட்டும் வந்துவிட்டது.

சிவனொளிபாதமலை சீசன், ஹட்டன் ரோட்டில் வாகனம் நகரவில்லை. தூறலில் நடந்தே மைதானத்துக்குப் போனோம். வாசலில் நின்ற பையன் என் போனை ஸ்கேன் பண்ணினான், சிவப்பு விழுந்தது. "இந்த டிக்கட்டில் ஆள் உள்ளே போயாச்சு" என்றான். பக்கத்தில் நோர்வூட்டிலிருந்து வந்த ஒரு குடும்பமும் இதே பதிலோடு நின்றது. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டிக்கட்டின் அடியில் இருந்த இலக்கம் கடைசி எழுத்து வரை ஒன்றே. ஒரே டிக்கட்டை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள்! உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. மருமகன் தகரத் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய அநியாயம். நிகழ்ச்சி நடத்தியவர்கள், "அந்தத் தளத்தைக் கேளுங்கள்" என்றார்கள். தளத்துக்கு எடுத்தால், "நாங்கள் விற்கிறோம், அவ்வளவுதான். நடத்தியவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கிறதே என்று கேட்டேன். லைனை வெட்டினார்கள். மறுபடி எடுத்தபோது அதே பையன், "அண்ணே, செத்த சனத்துக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேக்குறீங்களே, மனசு கேக்குதா?" என்றான். 24,000 ரூபாவை எடுத்தது மட்டுமல்லாமல் என்னையே குற்றவாளியாக்கப் பார்க்கிறான். தங்கச்சி தோட்டத்துத் தலைவரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கேட்டுவிட்டாள். அப்படி ஒரு பொதியும் அங்கே வரவில்லை. 2025இல் 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், கொழுந்து பறிக்கிற ஒருத்தி 17 நாளுக்கு மேல் மலை ஏறினால்தான் 24,000 ரூபா வரும். வங்கியோ, நீங்களாக அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, பொலிஸுக்குப் போங்கள் என்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தனி ஆளின் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், அது மட்டும் போதும். நிகழ்ச்சிக்கு அனுமதி இருக்கிறதா என்று நகரசபையில் கேளுங்கள். எந்தத் தோட்டத்துக்கு உதவி என்கிறார்களோ, அங்கே ஓர் ஆளிடம் விசாரியுங்கள். ஏமாந்திருந்தால் வட்ஸ்அப் பேச்சு, ஸ்லிப், டிக்கட் எதையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் எடுங்கள்.

முக்கியமாக, அந்த நோர்வூட் குடும்பம் இதைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள். அவசரத்தில் உங்கள் நம்பரை வாங்கவில்லை. ஒரே இலக்கத்தில் இரண்டு டிக்கட் என்று காட்ட உங்கள் போனில் இருப்பதும் வேண்டும்.