வாப்பாவின் ரிசீவரும் கீழக்கரை உப்புக் காற்றும்

வாப்பாவின் பழைய ரிசீவரின், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இருக்கும் செட்டின், பிளக்கைச் செருகக் கையை நீட்டிவிட்டேன். அப்போதுதான் உம்மா கேட்டார்: "அந்த இரும்புப் பெட்டி இல்லாமலா போடுகிறாய்? உன் வாப்பா அது இல்லாமல் போடவே மாட்டார்களே."

இரும்புப் பெட்டி என்றால் வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர். துருப்பிடித்து, எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. செட்டைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் திருகு 120இல் நின்றது. வாப்பா சவூதியில் இருந்த காலத்தில் அங்கே வீடுகளுக்கு வந்தது 127 வோல்ட். நம் சுவரில் வருவது 230. உம்மா அன்று அடுப்படியில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அதே திருகில் 220, 240 என்ற எண்களும் இருந்தன. ஒரு ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் போதும், டிரான்ஸ்பார்மரே தேவையில்லை. பத்து வருடங்களுக்கு மேல் அந்தக் கனத்த பெட்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டே வாப்பா பாட்டுக் கேட்டிருக்கிறார். எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேல் மின்னழுத்தம் ஏறிவிடும் என்பதால் நான் 240இல் வைத்தேன். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

செட் ஒரு பயனியர் எஸ்எக்ஸ்-650. 1970களின் பிற்பாதியில் வந்த ஜப்பான் தயாரிப்பு. வெள்ளி நிற முகப்பு, மரப்பெட்டி, ஒரு சேனலுக்கு, அதாவது இடது வலது என ஒவ்வொரு பக்கத்துக்கும், 35 வாட். இன்றைய பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடுகிறார்களே, அந்த வாட் கணக்கோடு இதை ஒப்பிடக் கூடாது. விளம்பரத்தில் வாட்டை ஊதிப் பெருக்குவதைத் தடுக்க 1974இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒவ்வொன்றும் தொடர்ந்து தரக்கூடிய சக்தியைத்தான் எழுத வேண்டும் என்றது அந்த விதி. இந்த 35 அப்படி அளந்த 35. எங்கள் கூடத்தில் வால்யூம் குமிழ் ஒன்பது மணி முள்ளைத் தாண்டினால் பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) ஜன்னலைச் சாத்துகிறார்.

1984இல் சபர், அதாவது வெளிநாட்டு வேலை, முடித்து வந்தபோது வாப்பா கொண்டுவந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பரணுக்குப் போனது. 2019இல் நான் இறக்கினேன். மூடியைக் கழற்றியபோது உள்ளே பல்லி முட்டை ஓடுகள் நான்கு, எறும்பு கட்டிய மண், சர்க்யூட் போர்டின் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்த உப்பு. பின்புறச் சாக்கெட்டுகள் பாசி பிடித்த படிக்கட்டைப் போலப் பச்சையாக இருந்தன. அவ்வளவுக்கும் நடுவே எரிந்தோ கருகியோ போன பாகம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கடற்கரையில் பழைய செட்டுக்கு எதிரி வயதல்ல, உப்பு. ஆறு வருடங்களில் எனக்கு வந்த கோளாறுகளில் முக்கால்வாசி, ஏதோ இரண்டு உலோகங்கள் சரியாகத் தொட்டுக்கொள்ளாததால் வந்தவை.

இதைப் புரிந்துகொள்ள நான் கொஞ்சம் பணம் அழ வேண்டியிருந்தது. இடது சேனல் வரவில்லை என்று முதலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது, ஜோடியாக மாற்ற வேண்டும் என்று முன்பணம் வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்து அதே கோளாறோடு செட் திரும்பி வந்தது. பிறகு ராமநாதபுரத்தில் ஒரு வயதான ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்தேன். அவர் செட்டை நேராகப் பிளக்கில் செருகவே இல்லை. குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு வழியாகக் கொடுத்தார். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கியது. "மங்கிவிட்டது பாருங்கள் தம்பி, உள்ளே ஷார்ட் இல்லை. அப்படியே எரிந்துகொண்டிருந்தால்தான் பயப்பட வேண்டும்" என்றார். நாலைந்து நொடியில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் ஸ்பீக்கர்களை இணைக்கும் ரிலே அது. டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகிப் போயிருந்தால் அந்த டிக் வந்திருக்காது. கோளாறு அந்த ரிலேயின் முனைகளிலும் ஸ்பீக்கர் தேர்வு சுவிட்சிலும் படிந்த அழுக்குதான். காண்டாக்ட் கிளீனரை அடித்து, சுவிட்சை முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் திருப்பினார். இடது பக்கம் பேசிற்று.

அதே வைத்தியத்தை இப்போது நானே வருடத்துக்கு இரண்டு முறை செய்கிறேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடங்கியதும் ஒரு முறை, வாடை மழை முடிந்ததும் ஒரு முறை. பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரமாவது விட்ட பிறகே மூடியைக் கழற்றுவேன், பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம். அவை தூசியை இழுத்துப் பசையாக்கிவிடும்.

இணைப்பு விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். செல்போனை இணைக்க, ஒரு முனையில் இயர்போன் பின்னும் மறுமுனையில் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்னும் உள்ள வயர் வாங்கினேன். போனோ என்று எழுதியிருந்த சாக்கெட்டைப் போனுக்கானது என்று நினைத்துச் செருகினேன். தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தம். போனோ என்பது இசைத்தட்டு ஊசிக்கானது. இரண்டரை மில்லிவோல்டை எதிர்பார்க்கும் வாய் அது. வெளிக் கருவிகளுக்கான ஆக்ஸ் சாக்கெட் எதிர்பார்ப்பது 150 மில்லிவோல்ட், 60 மடங்கு. போதாததற்குப் போனோ பக்கம் தாழ்ந்த ஒலிகளைத் தூக்கி உயர்ந்தவற்றை அமுக்கும், இசைத்தட்டை அதற்கு நேர்மாறாக வெட்டியிருப்பதால். செல்போன், டிவி, புளூடூத் ரிசீவர் எல்லாமே ஆக்ஸில்தான் போக வேண்டும்.

அடுத்தது டேப் மானிட்டர். ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் சத்தமே இல்லை. எல்லா வயரையும் கழற்றி மாட்டினேன். துடைக்கும்போது அந்தச் சுவிட்ச் தட்டுப்பட்டிருக்கிறது. அது போட்டிருந்தால் செட் டேப் டெக்கிலிருந்து, அதாவது தனியாக இணைக்கும் கேசட் பெட்டியிலிருந்து, வரும் ஒலியை மட்டுமே கேட்கும். டெக் இல்லையென்றால் மௌனம்தான்.

ஸ்பீக்கர் வயரில் கவனிக்க வேண்டியது இரண்டு. முடி போன்ற ஒரு செம்பு இழை விலகிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட். இன்னொன்று, பிளஸ்ஸும் மைனஸும் ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போனால் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, காணாமல் போகும். செட்டிலிருந்து கழற்றிய வயர் முனையில் ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். இந்த ஊரில் செம்பு கறுத்துவிடுவதால் வருடத்துக்கு ஒரு முறை அரை அங்குலம் நறுக்கிப் புதிதாகச் சீவிக்கொள்கிறேன்.

பழைய ஸ்பீக்கர்களின் விளிம்பு நுரை தொட்டதும் மாவாக உதிர்ந்தது. மாற்றிவிட்டேன், அதில் கதை ஒன்றும் இல்லை.

ரேடியோதான் கதை. பண்பலைக்கு, பழைய டிவி ஆன்டெனாவின் தட்டை வயரில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு டி (T) வடிவத்தில் ஒரு ஆன்டெனா செய்து ஜன்னலில் கட்டினேன். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர், அதில் பாதி. கொடைக்கானல் 100.5 பகலில் வருகிறது. காற்று அசையாத சித்திரை இரவுகளில் மன்னார் வளைகுடாவின் மேலே வெப்பக் காற்று ஒரு கூரையைப் போல நிற்கும். அலைகள் அதற்கடியில் வளைந்து வரும். அப்போது இலங்கை நிலையங்கள் பக்கத்துத் தெருவில் இருப்பது போல விழும். மீட்டர் முள் வலது கோடியில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழைச் சுண்டிவிட்டால் உள்ளே இருக்கும் கனத்த சக்கரத்தால் முள் தானாகவே பாதி டயலைக் கடக்கும். அதற்காகவே சில நேரம் சும்மா சுண்டுகிறேன்.

மத்திய அலையில் தூத்துக்குடி 1053 வாப்பாவின் நிலையம். இப்போது அதில் எல்இடி பல்புகள் இரைச்சலைக் கொட்டுகின்றன. வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, பின்பக்கத்துக் கறுப்பு ஆன்டெனாத் தண்டின் நீளப்பக்கம் கடலைப் பார்க்கத் திருப்பினால் தெளிகிறது. கரண்ட் போனால் தெருவே அமைதியாகிவிடும், ஆனால் எங்கள் இன்வெர்ட்டரில் ஓடும்போது செட்டின் டிரான்ஸ்பார்மர் தேனீக் கூடு போல முனகும்.

ஆறு வருடங்களில் செலவு, அந்த முதல் கடையின் முன்பணத்தையும் சேர்த்து, ஏழாயிரம் ரூபாய்க்குள்தான். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய கைலித் துணியால் மூடுகிறேன். மழை மாதங்களில் அலமாரியில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது. ரிமோட் இல்லை, பொறுமை வேண்டும். செருகினால் பாட வேண்டும் என்பவர்கள் புதிய பெட்டி வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டு நாளாக இடது பக்கம் மறுபடியும் கரகரக்கிறது. கிளீனர் டப்பாவை ஆட்டிப் பார்த்தேன், காலி. உம்மா டயல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் நன்றாகத்தானே கேட்கிறது, அணைக்காதே" என்கிறார்.